நாலாம் மாடிக்கு ஏறாத கேபிள்

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்றது செல்போன். சொல்லிவிட்டு வீணை வாசிக்க ஆரம்பித்தது.

"முக்கியம்னா எடுத்துத் தொலைய வேண்டியதுதான?" என்றான் அந்தோணிராஜ். "வீணையெல்லாம் நாங்க கச்சேரில போய்க் கேட்டுக்கிடுதோம்."

தூத்துக்குடியிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கென்று திருப்பூர் வந்து, ஒரு ஷிப்டைக்கூட முழுசாகப் பார்க்காமல், துப்பறிவாளர் சித்ரகலாவிடம் உதவியாளனாகச் சேர்ந்துகொண்டவன் அவன். சம்பளம் வாங்குவது கண்ணுக்கு, உழைப்பது வாய் என்று சித்ரகலா அடிக்கடி சொல்வாள்.

சித்ரகலா தாங்கள் வந்திருந்த வீட்டின் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். துப்பறிவாளர் ஆவதற்கு முன்னால் அவள் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் செக்கிங் பார்த்தவள். மலை மாதிரி குவிந்த பனியன்களுக்குள் ஒரு தையல் விட்டிருந்தால் கை தானாக அங்கே போய் நிற்கும். அந்தக் கண்ணை வைத்துத்தான் இப்போது பிழைப்பு. ஓடிப்போன மாப்பிள்ளை, காணாமல்போன கன்டெய்னர், கள்ள லேபிள் என்று எத்தனையோ பார்த்திருக்கிறாள். இன்டர்நெட் கேபிளுக்காக ஒருவர் தன்னைத் தேடி வந்தது இதுதான் முதல் தடவை.

அப்படித் தேடி வந்து, இங்கே கூட்டிவந்தவள் தஹ்சீன். அவள் வீடு பவளம் என்க்ளேவ் அடுக்குமாடியில் நாலாவது மாடி, அதாவது கடைசி மாடி. செல்போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்திருந்தாள். அந்த வீட்டில் சிக்னல் எட்டிப்பார்க்கிற ஒரே இடம் அந்த ஜன்னல்தான்.

"என்ற வேலையே போகப் போகுதுங்கக்கா" என்றாள்.

பெங்களூர் கம்பெனி ஒன்றில் அவள் டிசைனர். துணியே இல்லாமல் கம்ப்யூட்டரில் சட்டையை வெட்டி, தைத்து, ஒரு பொம்மைக்கு மாட்டி, வெளிநாட்டுக்காரனுக்கு அனுப்பி வைக்கிற வேலை. ஒவ்வொரு சட்டையும் அவ்வளவு பெரிய ஃபைல். செல்போன் நெட்டில் அது ஏறுவதற்குள் ஃபேஷனே மாறிவிடும்.

"ஊட்டுல இருந்தே பாருங்கன்னுதாங்க எடுத்தாங்க. இப்ப ஒழுங்கான லைன் வேணும்கறாங்க. இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு கால் வரும். லைனைச் சோதிப்பாங்க. நல்லாயிருந்தா இங்கயே இருந்துக்கலாம். இல்லாட்டி திங்கக்கிழமையிலிருந்து பெங்களூர் ஆபீஸ். அதுவும் முடியாதுன்னா வேலை இல்லீங்க."

"பெங்களூர் போனா என்னங்க?" என்றாள் சித்ரகலா.

தஹ்சீன் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கட்டிலில் அவள் தகப்பனார் ஹிதாயத்துல்லா உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து வலது கை மடியில் சும்மா கிடந்தது. இடது கையால் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடப்பார், அவ்வளவுதான்.

"அம்மா போயி மூணு வருசமாச்சுங்க. நானும் போயிட்டா அத்தாவுக்குச் சோறு யாருங்க போடுவாங்க?" என்று தணிந்த குரலில் சொன்னவள், அவரைப் பார்த்துச் சத்தமாக, "அத்தா, அதை விடுங்கத்தா! நீங்க மடிச்சா எல்லாமே உள்பக்கம் வெளிய வந்துருது. நான் மறுக்கா மடிக்கோணும்" என்றாள்.

"ஒத்தக் கைதானே கண்ணு. அது போற பக்கந்தான் துணியும் போகும்" என்று சிரித்தார் அவர்.

"வலது கைக்குத்தான் டாக்டர் பயிற்சி குடுத்திருக்காரு. பந்தை அமுக்கிட்டே இருக்கோணும்னு. பந்தையும் எங்கியோ தொலைச்சுப்போட்டு உக்காந்திருக்காருங்க. கட்டிலுக்கடியில கூடத் தேடிட்டேன்."

ஹிதாயத்துல்லா மடித்த பனியனை அடுக்கின்மேல் வைத்து, அதை ஒரு தட்டுத் தட்டினார். வந்தவர்களை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

செல்போனில் வீணை நின்றது. ஒரு குரல் வந்தது. "வணக்கம், மின்னல்நெட், உங்களுக்கு நான் எப்படி..." என்று ஆரம்பித்து, அப்படியே அறுந்துபோனது.

"சிக்னல் போயிருச்சு" என்றாள் தஹ்சீன். அழுவதற்குக்கூடத் தெம்பில்லாத குரல்.

*

கீழே கார் நிறுத்துமிடத்தில் மின்னல்நெட் டெக்னீஷியன் ரித்தீஷ் கேபிள் சுருளைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான். ஆட்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"நாங்க என்னங்க பண்றது? கேபிளை இழுக்கக் கீழிருந்து குழாய்க்குள்ள ராடு விடறோம். ஒண்ணாவது மாடி ஏறுது, ரெண்டாவது ஏறுது, அதுக்கு மேல எங்கியோ நின்னுக்குது. மூணாவது மாடிச் செவுத்துக்குள்ள குழாய் அடைச்சிருக்கும்ங்க. அந்த ஊடு பூட்டிக் கெடக்குது. ஓனர் மஸ்கட்ல. அவரு ஓகே சொல்லாம செவுத்த ஒடைக்க முடியாது."

"மேலிருந்து கீழே விட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் சித்ரகலா.

"கீழிருந்து மேலதாங்க விடோணும். அப்படித்தான் டிரெய்னிங்ல சொன்னாங்க."

"நாலாவது மாடி நடையில இருக்கற கேபிள் பெட்டியைத் திறந்தாவது பார்த்தீங்களா?"

"டார்ச் அடிச்சுப் பாத்தேங்க. ஒரு வளைவு இருக்குது. அதுக்கங்கிட்டு ஒண்ணுந் தெரியல."

"கைய விட்டுப் பாக்கலியாவே?" என்றான் அந்தோணிராஜ்.

ரித்தீஷ் தன் கையைப் பார்த்தான். நல்ல தடித்த கை. "உள்ள பூரான் கீரான் இருந்தா யாருங்க பதில் சொல்றது?" என்றான். பிறகு இரக்கத்தோடு சொன்னான். "நாலு மணிக்கு இன்னொரு வாட்டி விட்டுப் பாக்கறேங்க. அப்பவும் ஏறலைன்னா கம்ப்ளெயின்ட்டை மூடிருவாங்க."

"மூடினா?"

"'வாடிக்கையாளர் குறை தீர்க்கப்பட்டது'ன்னு அவங்களுக்கு ஒரு மெசேஜ் போகும்ங்க."

அந்தோணிராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். "மேடம், கொலைகாரனைக் கூடப் பிடிச்சிரலாம். இவனுவள ஒண்ணும் பண்ண முடியாது."

சித்ரகலாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. குற்றவாளி என்று ஒருத்தன் இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். இங்கே எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் கையை விரிக்கிறார்கள். நடுவில் ஒரு பெண்ணின் பிழைப்பு தொங்குகிறது.

*

நாலாவது மாடியில் இரண்டே வீடுகள். தஹ்சீன் வீட்டுக்கு எதிர்க்கதவு பொங்கியண்ணனுடையது. குழந்தைகள் பனியன் தைக்கிற கம்பெனி முதலாளி, கூடவே அடுக்குமாடிச் சங்கத்தின் தலைவர். கேபிள் விஷயத்தில் கட்டடமே அவர்மேல்தான் சந்தேகப்பட்டது. காரணம் இருந்தது. குழாய் வழியாக ஏறாவிட்டால் வெளிச்சுவரில் கேபிளைத் தொங்கவிடலாம் என்று ரித்தீஷ் கேட்டபோது, கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவர் இவர்தான்.

"வாங்க அம்மணி, உக்காருங்க. காப்பி குடிக்கறீங்களா, மோர் குடிக்கறீங்களா?" என்று வரவேற்றார். சந்தேகப்பட்டு வந்தவர்களுக்கும் மோர் கொடுக்கிற ஊர் அது.

"வெளிச்சுவர்ல கேபிள் விட்டா என்னங்க?"

"போன மாசந்தானுங்க பெயின்ட் அடிச்சோம். அதுவுமில்லாம அந்த மூலை ஈசான்யமுங்க. ஈசான்யத்துல ஓட்டை போட்டா நானு கம்பெனிய மூடிப்போட்டு மாடு மேய்க்கப் போகோணும். ஜோசியரு எழுதியே குடுத்துட்டாரு."

"குழாயை நீங்கதான் அடைச்சிட்டதாப் பேசிக்கறாங்க."

பொங்கியண்ணனின் முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்க, நானு எதுக்குங்க அடைக்கறேன்? எனக்கும் நெட்டு வேணுந்தானுங்க. பேரன் போன்ல பாடம் படிக்கறான், வாத்தியாரு மூஞ்சி கட்டம் கட்டமாத் தெரியுது. மத்தியானம் எதிர்ஊட்டுப் புள்ள அழுதுட்டே படியில எறங்கறா. என்னன்னு கேக்கக்கூட எனக்கு மூஞ்சியில்லீங்க. என்னையத்தான் எல்லாரும் ஒதுக்கி வெச்சிருக்கறாங்க."

வெளியே வந்ததும் அந்தோணிராஜ் கேட்டான். "மேடம், ஆளு நிஜமாத்தான் பேசுதாரா, இல்ல மோர்ல மயங்கிட்டமா?"

"மோர் நல்லாத்தான் இருந்துச்சு. முதல்ல அடைப்பு எங்கேன்னு கண்டுபிடி. யார்னு அப்புறம் பாத்துக்கலாம்."

"செவுத்துக்குள்ள இருக்கத எப்படி மேடம் கண்டுபிடிக்க? எக்ஸ்ரே எடுக்கவா?"

சித்ரகலா காற்றை முகர்ந்தாள். வெள்ளிக்கிழமை. கீழ்மாடி ஏதோ ஒரு வீட்டிலிருந்து சாம்பிராணி வாசம் வந்துகொண்டிருந்தது.

"அதோ எக்ஸ்ரே. போய் வாங்கிட்டு வா" என்றாள்.

*

சாம்பிராணித் தூபக்காலோடு ஒருவன் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, குழாய் வாயில் அட்டையால் விசிறுவதை அந்தக் கட்டடம் அதுவரை பார்த்ததில்லை. தஹ்சீன் படியிறங்கி வந்து விழித்தாள்.

"என்னங்கண்ணா பண்றீங்க?"

"உங்க குழாய்க்குத் திருஷ்டி கழிக்கோம் தங்கச்சி. வீட்ல இருந்து இன்னும் கொஞ்சம் சாம்பிராணி கொண்டு வாங்க."

"எங்க ஊட்டுல அது இல்லீங்கண்ணா. அத்தாவுக்கு மூச்சு முட்டும்னு அந்த வாசமே ஊட்டுக்குள்ள விடறதில்லீங்க. கதவைச் சாத்திட்டு வந்துடறேன்." சொல்லிவிட்டு ஓடினாள்.

புகை ஏறியது. முதல் மாடி நடையிலிருந்த கேபிள் பெட்டியில் மெல்ல எட்டிப் பார்த்தது. இரண்டாவது மாடியிலும் வந்தது. மூன்றாவது மாடியில், பூட்டிக் கிடந்த வீட்டுக்கு முன்னாலிருந்த பெட்டியைச் சித்ரகலா திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அங்கேயும் வந்தது. தாராளமாக வந்தது.

ஆக, மஸ்கட்காரர் வீட்டுச் சுவரில் ஒன்றுமேயில்லை. இத்தனை நாளாக அந்த மனிதரின் அனுமதிக்காக எல்லாரும் காத்துக்கிடந்தது வீண்.

அவள் நாலாவது மாடிக்கு ஏறினாள். இரண்டு வாசல்களுக்கும் நடுவில் இருந்த பெட்டியைத் திறந்தாள். புகை இல்லை. துளிகூட இல்லை. வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு, குழாய்க்குள் முழங்கை வரை கையை நுழைத்தாள். வளைவைத் தாண்டியதும் விரலில் ஒரு துணி வால் தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தாள்.

உருண்டையாக ஒரு துணிக்கட்டு சிக்கலில்லாமல் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே, அடைபட்டுக் கிடந்த புகை அத்தனையும் அவள் முகத்தில் அடித்தது.

மேலே ஓடிவந்த அந்தோணிராஜ் கண்ணைக் கசக்கினான். "மேடம், புகைக்குள்ள சாமி மாதிரி நிக்கீங்க. கையில என்னது, பிரசாதமா?"

"யாரோ வேணும்னே அடைச்சிருக்காங்க." சித்ரகலா அந்தக் கட்டை மாடிப்படி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். வெள்ளைப் பனியன் துணி. வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள். அதே துணியிலேயே ஒரு நாடா கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தது.

"பனியன் வேஸ்ட்டு. திருப்பூர்ல இது இல்லாத வீடு உண்டா மேடம்? வண்டி துடைக்க, அடுப்புத் துடைக்க, எலிப்பொந்து அடைக்க... ஊரையே அரெஸ்ட் பண்ணணும்."

"துணியைப் பாக்காதே. மடிப்பைப் பாரு" என்றாள் சித்ரகலா. "பொந்து அடைக்கிறவன் எப்படி அடைப்பான்? கசக்கித் திணிப்பான். இதை ஒருத்தர் உக்காந்து மடிச்சிருக்காங்க. ஒரு துண்டு விடாம நல்ல பக்கம் உள்ளே, மறுபக்கம் வெளியே. கட்டிங் டேபிள்ல நின்ன கைக்குத்தான் இந்தப் பழக்கம் வரும். வெட்டின துண்டுல அழுக்குப் படாம இருக்க அப்படித்தான் மடிச்சு, கட்டாக் கட்டி, தையலுக்கு அனுப்புவாங்க. புடிச்சு இழுத்தா கட்டு முழுசா வர்ற மாதிரி இந்த வாலையும் விட்டிருப்பாங்க."

"அப்போ அடைச்சவனே திரும்ப எடுக்க வசதியா வால் விட்டிருக்கானா? திருட வந்தவன் வீட்டுச் சாவிய வாசல்லயே தொங்கவிட்டுப் போன மாதிரில்லா இருக்கு."

"அதுதான் எனக்கும் புரியல."

அந்தோணிராஜ் எதிர்க்கதவைக் கண்ணால் காட்டினான். "பனியன் கம்பெனி முதலாளி. வெள்ளைத் துணி. இன்னும் என்ன வேணும்?"

சித்ரகலா துணிக்கட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பொங்கியண்ணன் வீட்டு மணியை அடித்தாள். கம்பெனிச் சரக்கு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றாள். மனிதர் ஆர்வமாக ஒரு குழந்தைப் பனியனை எடுத்துவந்து கொடுத்தார். அவள் விரித்துப் பார்த்துவிட்டு, அப்படியே சோபாமேல் போட்டாள். பொங்கியண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. பேசிக்கொண்டே எடுத்தார், உதறினார், கழுத்து மேலே வரும்படி, படம் வெளியே தெரியும்படி, கண நேரத்தில் மடித்துத் தடவிக் கொடுத்தார்.

"அழகா மடிக்கறீங்களே."

"பேக்கிங் செக்சன்ல ஆரம்பிச்சவனுங்க அம்மணி. முதலாளியாகிக் கை நிறைய மோதிரம் போட்டாலும் கை அதைத்தானுங்க செய்யுது."

நல்ல பக்கம் வெளியே. சித்ரகலா எழுந்துவிட்டாள். இவர் இல்லை.

இந்த மாடியில் இன்னும் ஒரே ஒரு வீடுதான் பாக்கி. நடையில் நின்றபோதே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. மத்தியானம் கண்ணெதிரே நடந்ததுதான். அப்போது அவள் அதை ஊனம் என்று நினைத்தாள், தொழில் என்று நினைக்கவில்லை.

"அந்தோணி, தஹ்சீனைக் கூட்டிட்டுக் கீழே போ. ரித்தீஷ் வந்தா கேபிளை விடச் சொல்லு. நான் கூப்பிடற வரைக்கும் அவ மேலே வரக்கூடாது."

அந்தோணிராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். தஹ்சீனைத் தேடிப் போனான்.

*

ஹிதாயத்துல்லா கட்டிலிலேயே இருந்தார். பக்கத்தில், உள்பக்கம் வெளியே தெரிய, மடித்த துணிகளின் அடுக்கு.

"எந்தக் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருந்தீங்க?" என்று கேட்டாள் சித்ரகலா.

அவர் அந்தத் துணி அடுக்கைப் பார்த்தார். "கை காட்டிக் குடுத்துருச்சுங்களா அம்மணி?"

சித்ரகலா கைப்பையிலிருந்து துணிக்கட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் அதை இடது கையால் மூடிக்கொண்டார்.

"ஏனுங்க இப்படிப் பண்ணினீங்க? அவ வேலை போயிருமே."

"போகாதுங்க. பெங்களூரு போவா." குரல் கரகரத்தது. "போன மாசம் அந்த ஜன்னல்ல நின்னு ஆபீசோட பேசிட்டிருந்தா. பெரிய வேலை குடுக்கறாங்களாமா, அங்க வந்து நாலு பேரை வெச்சு வேலை வாங்கற உத்தியோகம். 'எனக்கு அதுல ஆசையில்லீங்க'ன்னு சொல்லிப்போட்டா. பொய்யுங்க. சின்னதுலயிருந்தே பொய் சொன்னா கட்டை விரலைத் தரையில தேய்ப்பா. அன்னைக்குத் தேய்ச்சுட்டே நின்னா. நானு போன்னு சொன்னாப் போக மாட்டாளுங்க. லைன் வராட்டி போய்த்தானே ஆகோணும்?"

"உங்களை யாரு பாப்பாங்க?"

"சேவூர்ல என்ற தம்பி இருக்கறான். வந்து கூட்டிட்டுப் போறேன்னிருக்கான். அவ ஒத்துக்க மாட்டான்னு அவகிட்டச் சொல்லல."

"போகவும் மாட்டேன், வேலையும் வேண்டாம்னு உதறிட்டா?"

அவர் துணிக்கட்டை விரலால் தடவினார். "அதை நெனச்சுத்தாங்க தூக்கம் போச்சு. அவ அழுகற சத்தம் கேக்கும். எந்திரிச்சுப் போயிப் பொட்டியத் தொறப்பேன். வாலைப் புடிச்சு இழுத்தா வந்துரும். இழுக்க மனசு வராது. மூடிப்போட்டு வந்துருவேன். வந்து படுத்தா, இழுத்திருக்கலாம்னு தோணும்."

சித்ரகலாவின் பார்வை அந்த நாடா முடிச்சில் நின்றது. இறுக்கமான முடிச்சு. ஒரு கையால் மடிக்கலாம். ஒரு கையால் இப்படி ஒரு முடிச்சைப் போட முடியாது.

"இதை யாரு கட்டிக் குடுத்தாங்க?"

ஹிதாயத்துல்லா தலையைக் குனிந்துகொண்டார்.

"அவதானுங்க. கைப் பயிற்சிக்குப் பந்து வேணும்னு டாக்டர் சொன்னப்ப, நானு துணிய மடிச்சு வெச்சேன். முடிச்சுப் போட வரல. 'குடுங்கத்தா'ன்னு வாங்கி இறுக்கிக் கட்டினா. அந்தக் கட்டு நாந்தான் அவளுக்குப் பழக்கிவிட்டது. மொதல்ல பந்துதாங்க அது. எனக்கு அப்பறந்தான் இந்தக் கெட்ட புத்தி வந்துச்சு."

தன் வழியை அடைக்கிற கட்டைத் தானே கட்டிக் கொடுத்திருக்கிறாள் அந்தப் பெண். கூடவே அதைக் கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டும் இருக்கிறாள்.

"பழையபடியே வெச்சிருங்க அம்மணி" என்றார் அவர். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நாலு மணி தாண்டினா அந்தப் பையன் போயிருவான்."

"முடியாதுங்க. அவ என்னை நம்பி வந்தவ."

"அப்ப எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும். நானு அடைச்சேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. அத்தாவுக்கு நானு பாரமாப் போயிட்டனான்னு நெனச்சுப்போடுவா. அதைத் தாங்க மாட்டா."

சொன்னால் மகளுக்கு வலி. சொல்லாவிட்டால் கேட்டு வந்தவளுக்குத் துரோகம். சித்ரகலா இதுவரை எத்தனையோ குற்றவாளிகளிடம் சவால் விட்டிருக்கிறாள். இந்தக் கிழவரிடம் விடுவதற்கு அவளிடம் ஒன்றுமில்லை. தலையை மட்டும் அசைத்தாள். அது சம்மதமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

கீழேயிருந்து அந்தோணிராஜின் கத்தல் கேட்டது. "மேடம்! ஏறிட்டு! நாலாவது மாடி ஏறிட்டு!"

ஹிதாயத்துல்லா துணிப்பந்தை அவசரமாகத் தலையணைக்கடியில் தள்ளினார்.

*

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ரித்தீஷ் கேபிளை வீட்டுக்குள் இழுத்தான், முனையைச் சீவினான், சுவரில் பெட்டியை மாட்டினான். இதில் தன் திறமை ஏதோ இருப்பதாக அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான். பொங்கியண்ணன் மோர்ச் சொம்போடு வந்து வாசலில் நின்றார். கொஞ்ச நேரம் சிவப்பாகக் கண் சிமிட்டிய விளக்கு பச்சைக்கு மாறியது.

தஹ்சீன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "வந்துருச்சுங்கத்தா! நான் எங்கயும் போகல. உங்க கூடவேதான்" என்றாள்.

"ஆமா கண்ணு" என்றார் அவர். சிரிக்க முயன்றார். பார்க்க முடியவில்லை.

"என்னங்கக்கா மாட்டியிருந்துச்சு உள்ள?"

"பழைய துணிம்மா" என்றாள் சித்ரகலா. "யாரோ எப்பவோ அடைச்சது." செக்கிங் மேஜையில்கூட அவள் இப்படி ஒரு பொய் சொன்னதில்லை. அந்தோணிராஜ் மேற்கூரையைப் பார்த்தான்.

"அஞ்சாகப் போகுது. அத்தா, கொஞ்சம் சாஞ்சுக்குங்க. கால் வரும்போது நீங்க பின்னால நல்லா உக்காந்திருக்கோணும்." தஹ்சீன் குதூகலத்தோடு தலையணையை நிமிர்த்தப் போனாள். வெள்ளையாக ஒன்று உருண்டு அவள் கையில் விழுந்தது.

"அட, பந்து! இங்கதான் இருந்துச்சா? நானு எத்தனை நாளாத் தேடறேன்!"

சித்ரகலா ஒரு அடி முன்னால் வைத்தாள்.

தஹ்சீன் பந்தைத் தகப்பனாரின் வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதைச் சுற்றி மடக்கிவிட்டாள். குனிந்திருந்தவள் சட்டென்று நின்றாள். மூக்கைச் சுருக்கினாள். மறுபடி பந்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

புகைக்குள்ளேயே நின்ற சித்ரகலாவின் மூக்குக்கு அது எட்டாமல் போயிருந்தது. அவள் முகத்திலும், முடியிலும், புடவையிலும் அதே வாசம்தான்.

"ஏனுங்கத்தா..." தஹ்சீன் மெதுவாகக் கேட்டாள். "நம்ம ஊட்டுப் பந்துல எப்படீங்க சாம்பிராணி வாசம் வருது?"

அந்தோணிராஜ் தரையைப் பார்த்தான். தஹ்சீன் பந்தைத் திருப்பினாள். தான் போட்ட முடிச்சைப் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியாக நடையிலிருந்த கேபிள் பெட்டியைப் பார்த்தாள். கடைசியாகத் தகப்பனாரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண்ணீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு என்னைப் புடிக்கலீங்களாத்தா?" என்றாள்.

"கண்ணு..." என்றார் அவர்.

அப்போது லேப்டாப் மணியடித்தது. பெங்களூர் ஆபீஸ். திரையில் பெயர், படம் எல்லாமே பளிச்சென்று, ஒரு கட்டம்கூட உடையாமல் தெரிந்தது. சத்தம் கணீரென்று கூடம் முழுக்க நிறைந்தது.

லைன் பிரமாதமாக இருந்தது. எடுக்கத்தான் ஆள் இல்லை.